நான் போன் செய்யவில்லை

1

போன் செய்கிறேன் என்று சொன்னேன். செய்யவில்லை. பிறகு விசாரணையில், அப்படி நான் சொல்லவே இல்லை என்றேன். அந்தப் பொய்யால் என் மகள் வித்யாவின் கணவர் செல்வினுக்கு வேலை போயிற்று. அன்று வானத்தில் அவருடைய உயிரும், எதிரே வந்த பயணிகள் விமானத்தில் இருந்தவர்களின் உயிரும் போகாமல் இருந்ததற்கு நான் காரணம் இல்லை.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இத்தனை நாளும் மும்பையைப் பற்றி மழை, ரயில், மாட்டுங்கா காபி என்று எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு விஷயத்தை மட்டும் சுற்றிக்கொண்டு போனேன். அடுத்த மாதம் அது நடந்த நாள் மறுபடி வருகிறது. எழுபத்தாறு வயதாகிறது. இனிச் சுற்றுவதற்குக் கால்களில் வலு இல்லை.

2

போன வாரம் ஒரு சின்னச் சம்பவம். செம்பூரிலிருந்து மாட்டுங்காவுக்குப் போக குர்லாவில் வண்டி மாற வேண்டும். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். எதிரே இரண்டு இளைஞர்கள் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் புரியாது என்ற நினைப்பில் ஒருவன் என்னைப் பார்த்துவிட்டு மற்றவனிடம் தமிழில் சொன்னான்:

"இந்தப் பெருசு எந்திக்கும்னு நெனைக்கியால? கடைசி ஸ்டேஷன் வரைக்கும் சீட்ட விடாது பாரு."

"மூச்சு இருக்கான்னு மொதல்ல பாரு" என்றான் மற்றவன்.

குர்லா வந்ததும் எழுந்து, "உட்காருங்கோ தம்பி, மூச்சு இருக்கு" என்றேன். ஒருவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். மற்றவன் சிரித்துவிட்டு என் பையை வாங்கி இறக்கிக் கொடுத்தான்.

அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து நாங்கள் எல்லோரும் செய்வதுதான் அது. காய்காரர் முன்னால் நின்றுகொண்டே "கத்திரிக்காய் சொத்தை, வேண்டாம்" என்று என் மனைவி தமிழில் சொல்வாள். லிப்டில் பக்கத்து வீட்டுக்காரர் நிற்கும்போதே அவருடைய நாயைப் பற்றிப் பேசுவோம். ஊரில் தமிழ் வெறும் பேச்சு. இங்கே அது ஒரு திரைச்சீலையும்கூட. இழுத்துவிட்டால் நான்கு பேர் நடுவிலும் தனியாக இருக்கலாம். அந்தத் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டுதான் நானும் என் தவறைச் செய்தேன்.

3

நான் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரியாக முப்பது வருஷத்துக்கும் மேல் வேலை பார்த்தவன். இருட்டான அறையில் ரேடார் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, நகரும் புள்ளிகளை ஒன்றோடொன்று மோதாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. திரையில் ஒவ்வொரு விமானத்தின் பக்கத்திலும் அதன் எண்ணும் உயரமும் எழுதியிருக்கும். அதை எழுதுவது ரேடார் இல்லை, விமானத்தில் இருக்கும் டிரான்ஸ்பாண்டர் என்ற சிறு பெட்டி. தரையிலிருந்து ரேடார், நீ யார், எத்தனை உயரத்தில் இருக்கிறாய் என்று ஓயாமல் கேட்கும். பெட்டி ஓயாமல் பதில் சொல்லும். ஆபத்தை எச்சரிக்கப் பெரிய விமானங்களில் ஒரு கருவி உண்டு. அதுவும் இந்தப் பதிலைக் கேட்டுத்தான் எதிரே ஆள் இருப்பதைத் தெரிந்துகொள்ளும். பதில் சொல்லாதவன் அதற்கு இல்லாதவன்.

கிளைடருக்கு இதில்தான் சிக்கல். கிளைடர் எஞ்சின் இல்லாத விமானம். தரையில் ஒரு இயந்திரம் கம்பிக்கயிற்றால் இழுத்து மேலே ஏற்றிவிடும். அதன் பிறகு வெயிலில் சூடாகி எழும் காற்றைத் தேடிப் பிடித்துப் பருந்து போல வட்டமிட்டு உயர வேண்டும். எஞ்சின் இல்லாததால் மின்சாரமும் கிடையாது, ஒரே ஒரு பேட்டரிதான். ரேடியோவும் அதில், டிரான்ஸ்பாண்டரும் அதில். இரண்டையும் நாள் முழுக்கப் போட்டுவைத்தால் இறங்கும் நேரத்தில் இரண்டும் இருக்காது.

நான் சொல்லும் மைதானம் மலைக்கு அந்தப் பக்கம், தாதரிலிருந்து ரயிலில் காலையில் கிளம்பினால் வெயில் ஏறுமுன் போய்ச் சேரலாம். பெயர் வேண்டாம். அதற்கு அருகே ஒரு விமான நிலையம். அதைச் சுற்றிக் கட்டுப்பாட்டு வான்வெளி. நடுவில் ஒரு ஏரி. கிளைடர்காரர்களிடம் எழுதாத வழக்கம் ஒன்று இருந்தது: ஏரிக்கு இந்தப் பக்கம் டிரான்ஸ்பாண்டரை அணைத்துவை, ஏரியை நெருங்கினால் போடு. ஏரிக்கணக்கு என்று நாங்கள் அதைச் சொல்வோம்.

செல்வின் அங்கே சம்பளத்துக்குப் பயிற்சியாளராக இருந்தார். தாராவியில் பிறந்தவர். சொந்த ஊர் திருநெல்வேலிக்குத் தெற்கே. அவருடைய அப்பா தாராவியில் தோல்பை செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். கல்லூரியில் என்.சி.சி. விமானப் பிரிவில் சேர்ந்த பையன், முதல் நாள் கிளைடரில் ஏறியவன், அப்புறம் மனசளவில் இறங்கவே இல்லை.

வித்யா அவரைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னபோது நான், "தாராவியா?" என்று மட்டும் கேட்டேன். அந்த ஒரு வார்த்தையில் மதம், ஜாதி, சந்து, தோல் வாசனை எல்லாவற்றையும் வைத்துக் கேட்டேன். அவளுக்கும் அது புரிந்தது.

"நீ மேப்ல பாத்திருக்கியாப்பா?" என்றாள். "நான் பொறந்து வளர்ந்த மாட்டுங்காவுக்கும் அவா வீட்டுக்கும் நடுவுல ஒரு தண்டவாளம்தான் இருக்கு."

கல்யாணம் நடந்தது. செம்பூரில் என் வீட்டுக்கு இரண்டு கட்டடம் தள்ளி வாடகைக்கு வந்தார்கள். ரியா பிறந்தாள். என் மனைவி போன பிறகு அவர்கள் வீட்டில்தான் எனக்கு இரவுச் சாப்பாடு. வாய்நிறைய "மாப்பிள்ளை" என்று கூப்பிட்டேன். ஆனாலும் உள்ளே எங்கேயோ ஒரு மூலையில், இவர் ஒரு நாள் சறுக்கி விழுவதை நான் பார்க்க வேண்டும் என்ற ஆசை ஒட்டிக்கொண்டிருந்தது. அப்போது இதைக் கேட்டிருந்தால் சத்தியம் செய்து மறுத்திருப்பேன்.

4

ஓய்வு பெற்ற பிறகு சனிக்கிழமைகளில் செல்வினோடு அந்த மைதானத்துக்குப் போவேன். தகரக் கூரை போட்ட ரேடியோ அறையில் உட்கார்ந்து, மேலே இருப்பவர்களுக்குக் காற்றும் திசையும் சொல்வேன். யாருக்கும் தேவைப்படாத ஒரு ஓய்வூதியக்காரனுக்கு அது பெரிய கௌரவம்.

அந்தச் சமயம் கட்டுப்பாட்டு வான்வெளிக்கு அருகே பறக்கும் கிளைடர்களுக்கும் டிரான்ஸ்பாண்டரை எப்போதும் போட்டே வைக்கும்படி விதி கொண்டுவரலாமா என்று ஒரு குழு ஆராய்ந்துகொண்டிருந்தது. அதில் என்னை ஆலோசகராகப் போட்டிருந்தார்கள். விதி வேண்டாம், ஏரிக்கணக்கே போதும், பேட்டரியின் எடையும் செலவும் இந்தச் சிறு மைதானங்களை மூடவைத்துவிடும் என்பது என் வாதம். அந்தச் சனிக்கிழமை குழுவிலிருந்து கேல்கர் நேரில் பார்க்க வந்திருந்தார். ஒரு காலத்தில் என்னிடம் பயிற்சி பெற்றவர், தமிழ் தெரியாதவர். இப்போது பெரிய அதிகாரி. ரேடியோ அறையில் எனக்கு எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் ஏரிக்கணக்கின் பெருமையை அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன்.

செல்வின் மேலே இருந்தார், தனியாக. மதியத்துக்கு மேல் காற்று திரும்பி அவரை ஏரியைத் தாண்டித் தள்ளியிருந்தது. வழக்கப்படி டிரான்ஸ்பாண்டரைப் போட்டிருந்தார். திரும்பி வரும் வழி முழுக்கக் கட்டுப்பாட்டு வான்வெளியின் ஓரம். ரேடியோவில் அவர் குரல் வந்தது. ஆங்கிலத்தில் அல்ல, தமிழில்.

"மாமா, பேட்டரி சாகப்போவுது. ரெண்டும் ஓடாது. எத அமத்தட்டும்?"

ரேடியோவில் ஆங்கிலம் பேச வேண்டும். பதற்றத்தில் அவருக்குத் தமிழ் வந்துவிட்டது. எனக்கும் அது சௌகரியமாக இருந்தது. எதிரே கேல்கர். பேட்டரி தீர்ந்துபோன ஒரு கிளைடர், அதுவும் விமான நிலையத்தின் ஓரத்தில். நான் இத்தனை நேரம் பேசிய பேச்சுக்கு இதைவிட மோசமான பதில் இருக்க முடியாது. நானும் திரையை இழுத்துவிட்டேன்.

"டிரான்ஸ்பாண்டரை அணைச்சிடுங்கோ. ரேடியோ இருக்கட்டும்" என்றேன்.

"அப்ப நான் கன்ட்ரோல்ட்ட ஒரு வார்த்த நேரா சொல்லிரட்டா மாமா?"

"வேண்டாம், பேட்டரி போயிடும். நான் போன் பண்ணிச் சொல்லிடறேன்."

"சரி மாமா. அமத்திட்டேன்."

கேல்கர் டீக் கிளாசைக் கீழே வைத்தார். என்ன சொல்கிறார் என்று கேட்டார். காற்று குறைந்துவிட்டதாம், இறங்கப்போகிறார் என்றேன். என் முதல் பொய் அதுதான்.

மேஜையில், என் கை எட்டும் தூரத்தில் போன் இருந்தது. விமான நிலையக் கட்டுப்பாட்டு அறையின் எண் அதன் மேலேயே ஒட்டியிருந்தது. எடுத்து, பெயர் தெரியாத ஒரு பையனிடம், உங்கள் திரையிலிருந்து ஒரு கிளைடர் மறையப்போகிறது, இறங்கிவிட்டது என்று நினைத்துவிடாதே, ஏரிக்குக் கிழக்கே இந்த உயரத்தில் இருக்கிறது, அந்தப் பக்கம் யாரையும் தாழ இறக்காதே என்று சொல்லியிருக்க வேண்டும். தாழப் பறக்கும் கிளைடர்களின் குறி திரையில் மறைவது சகஜம். மறைந்தால் இறங்கிவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்வோம். நானே அப்படி எத்தனையோ முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் அந்தப் போன் அவ்வளவு முக்கியம். இதை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த அறையில் யாரும் இல்லை.

ஆனால் போனை எடுத்தால் ஆங்கிலத்தில் பேச வேண்டும். கேல்கருக்கு எல்லாம் தெரிந்துவிடும். கொஞ்ச நேரம்தானே, அதற்குள் இறங்கிவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தேன். பேட்டரியின் எடையைப் பற்றிப் பேசினேன் என்று நினைக்கிறேன். ஒரு கண் போன் மேலேயே இருந்தது.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. இறங்கும் விமானத்தின் எஞ்சின் மெல்ல முனகும். அதைக் கேட்டுப் பழகிய காது இது. அந்த முனகல் சட்டென்று உறுமலாக மாறியது. இறங்கிக்கொண்டிருந்த எதுவோ முழு வேகத்தில் மேலே ஏறுகிறது. கேல்கர் எழுந்து வாசலுக்கு ஓடினார். நான் எழவில்லை.

ரேடியோவில் செல்வினின் குரல் வந்தது. கத்தவில்லை. மிகவும் மெதுவாகக் கேட்டார்.

"மாமா, போன் பண்ணீங்களா?"

மைக்கை அழுத்தினேன். "பேசாதீங்கோ, பேட்டரி போயிடும்" என்றேன்.

5

பயணிகள் விமானத்தின் விமானி முன்கண்ணாடி வழியே வெள்ளை இறக்கையைப் பார்த்த கணத்தில் மேலே இழுத்திருக்கிறார். எச்சரிக்கைக் கருவி ஒரு சத்தமும் எழுப்பவில்லை. எழுப்ப வழியும் இல்லை. உள்ளே நின்றுகொண்டிருந்த பணிப்பெண் ஒருவர் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அந்தப் பெண்ணின் பெயர் எனக்கு இன்று வரை தெரியாது. பிறகு கேட்டு எழுதினேன். தர முடியாது என்று பதில் வந்தது. அதுவும் சரிதான்.

செல்வின் இறங்கி, கிளைடரை ஓரமாகத் தள்ளி நிறுத்தி, இறக்கையில் கைவைத்து நின்றார். நான் கிட்டப் போனேன். என் முகத்தைப் பார்த்தார். கேட்க வேண்டியதை மேலேயே கேட்டுவிட்டதால் திரும்பக் கேட்கவில்லை. திரும்பி வரும் ரயிலில் ஒரே இருக்கையில் உட்கார்ந்து வந்தோம். லோனாவ்லாவில் வழக்கம்போல எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

விசாரணையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். செல்வின் நடந்ததை நடந்தபடி சொன்னார். கேல்கர், தமிழில் பேசினார்கள், எனக்குப் புரியவில்லை என்றார். கிளப் ரேடியோவில் பதிவு வசதி இல்லை. என்னைக் கேட்டார்கள். பேட்டரியைப் பற்றி ஏதோ சொன்னார், டிரான்ஸ்பாண்டரைப் பற்றிப் பேச்சே வரவில்லை என்றேன். சொல்லும்போது குரல் நடுங்கவில்லை. முப்பது வருஷம் ரேடியோவில் நிதானமாகப் பேசிப் பழகிய குரல். எந்தக் குழப்பத்திலும் ஏறாது, இறங்காது. அந்தக் குரலைத்தான் அவர்கள் நம்பினார்கள்.

தாராவிக்காரரின் சொல்லையும் முன்னாள் அதிகாரியின் சொல்லையும் எதிரெதிரே வைத்தால் எது கனக்கும் என்று எனக்கு முன்பே தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

செல்வினின் பயிற்சியாளர் தகுதியைப் பறித்துவிட்டார்கள். வேலை தானாகப் போயிற்று. அன்று மாலை வித்யா வந்தாள், உட்காரவில்லை.

"அப்பா, ஒரே ஒரு கேள்வி. நீ சொன்னியா, இல்லையா?"

"மாப்பிள்ளை பதட்டத்துல இருந்திருப்பார். எதையோ கேட்டு எதையோ நினைச்சிண்டு..."

"அவர் கடைசி வரைக்கும் உன் வார்த்தைய நம்பித்தான் மேல இருந்தார்ப்பா" என்றாள். மேஜையில் வீட்டுச் சாவியை வைத்துவிட்டுப் போனாள். என் வீட்டு மாற்றுச் சாவி அவளிடம்தான் இருந்தது.

அந்த மாதமே வீட்டைக் காலி செய்து தாராவியில் வித்யாவின் மாமனார் வீட்டோடு போய்விட்டார்கள். செல்வின் அப்பாவின் பட்டறையில் உட்கார்ந்தார். செம்பூருக்கும் தாராவிக்கும் பஸ் இருக்கிறது. அவர்கள் வரவில்லை. எனக்கும் போகத் தைரியம் இல்லை. எப்போதாவது ரியா போனில் பேசுவாள். அந்த வீட்டில் தமிழ்தான் பேசுகிறார்கள். பள்ளியிலும் சந்திலும் இந்தி. என்னிடம் பேசும்போது இரண்டையும் கலந்துவிட்டு, கடைசியில் "பை தாத்தாஜி" என்று வைப்பாள்.

6

இதற்குப் பிறகு நான் செய்ததுதான் எனக்கே நம்ப முடியாதது. ஆலோசகர் பதவியில் இருந்துகொண்டே கட்சி மாறினேன். விதி வேண்டாம் என்று வாதாடியவன், விதி கட்டாயம் வேண்டும் என்றேன். கட்டுப்பாட்டு வான்வெளிக்கு அருகே பறக்கும் கிளைடரில் டிரான்ஸ்பாண்டர் இருக்க வேண்டும், புறப்பட்டதிலிருந்து இறங்கும் வரை போட்டே இருக்க வேண்டும், அதற்கென்று தனியாக இரண்டாவது பேட்டரி வேண்டும். வரைவை எழுதியதே நான்தான். எழுதியது அத்தனையும் நியாயம். இன்றைக்கும் ஒரு வரியை மாற்ற மாட்டேன், விளக்கக் குறிப்பில் இருந்த ஒரு வார்த்தையைத் தவிர. ஏன் இந்த விதி என்பதற்கு அந்தச் சம்பவத்தையே உதாரணமாகக் காட்டி, விமானி தன்னிச்சையாக டிரான்ஸ்பாண்டரை அணைத்ததால் என்று எழுதியிருந்தேன்.

தன்னிச்சையாக. அந்த மனிதர் அந்தரத்தில் தொங்கிக்கொண்டு, எதை அமத்தட்டும் என்று என்னிடம் கேட்டார்.

வரைவு கடைசிக் கட்டத்துக்குப் போனபோது அந்த வார்த்தை உறங்க விடவில்லை. முதலில் ஒரு கோழைத்தனமான வழியை முயன்றேன். கேல்கரின் அலுவலகத்துக்குப் போய், அந்த ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துவிடலாமே, விளக்கத்துக்கு அது அவசியம் இல்லையே என்றேன். யாருக்கும் தெரியாமல் ஒரு முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிடலாம் என்ற எண்ணம்.

கேல்கர் என்னை உட்காரவைத்து டீ சொன்னார். விசாரணையின் முடிவு அது, காரணம் இல்லாமல் எடுக்க முடியாது, காரணம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று எழுந்து வந்துவிட்டேன். கீழே வாசல் வரை வந்தேன். காவலாளி என்னிடம் வருகைச் சீட்டைத் திருப்பிக் கேட்டார். பையில் தேடினேன். மேலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். சீட்டு இல்லாமல் வெளியே விட முடியாது என்றார் அவர். சர்க்கார் அலுவலகத்தின் சின்னஞ்சிறு விதி. அதற்காகத் திரும்ப மாடி ஏறினேன். கேல்கர் அறையில் சீட்டு மேஜை மேல் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு நின்றேன், போகவில்லை.

"காரணம் இருக்கு கேல்கர்" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நெடுநேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார்.

"பைல் பந்த் ஹோ கயா, சார்" என்றார். பைலை மூடியாயிற்று, எதற்கு இந்த வயதில், விதி நல்ல விதிதானே, வந்துவிட்டுப் போகட்டும் என்றார். என் மேல் உள்ள மரியாதையால்தான் சொன்னார். அந்த மரியாதை எனக்கு அவமானமாக இருந்தது. திறந்தே ஆக வேண்டும் என்றேன். அதற்குப் பிறகு கைப்படக் கடிதம், அது எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்பதற்கு ஒரு மாதம், என் பெயருக்கு முன்னால் இருக்கும் இனிஷியலுக்கு விளக்கம், அப்பா பெயர் வேறு குடும்பப் பெயர் வேறா என்ற கேள்வி. இந்த ஊரில் அரை நூற்றாண்டு ஆகியும் அந்தக் கட்டத்தை நிரப்ப எங்களுக்குப் பதில் இல்லை. கடைசியில் ஒரு நாள் கூப்பிட்டார்கள்.

செல்வினையும் வரவழைத்திருந்தார்கள். பட்டறையிலிருந்து நேராக வந்திருந்தார். கைவிரல் ஓரங்களில் சாயம். எனக்கு வணக்கம் சொன்னார். எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தார். முடி நரைத்திருந்தது.

நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, தலைமை வகித்த பெண் அதிகாரி, அன்று ரேடியோவில் என்ன வார்த்தைகளைச் சொன்னீர்களோ அதையே, அதே மொழியில் சொல்லுங்கள், பதிவு செய்ய வேண்டும் என்றார். அறையில் எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தமிழ் தெரியாது. திரைக்குப் பின்னால் சொன்ன வார்த்தைகளை எல்லோர் முன்னாலும் எடுத்து வைத்தேன்.

"டிரான்ஸ்பாண்டரை அணைச்சிடுங்கோ. ரேடியோ இருக்கட்டும். நான் போன் பண்ணிச் சொல்லிடறேன்."

சொன்ன பிறகு ஒவ்வொரு வார்த்தையாக ஆங்கிலத்தில் அர்த்தம் சொன்னேன். கடைசி வாக்கியத்தை இரண்டு முறை சொல்லச் சொன்னார்கள். போன் செய்தீர்களா? இல்லை. போன் பழுதா? இல்லை. ஏன் செய்யவில்லை? கேல்கருக்குத் தெரிந்துவிடும் என்று. கேல்கர் தலையைக் குனிந்துகொண்டார்.

அதிகாரி செல்வினிடம், இவர் சொன்ன வார்த்தைகள் இவைதானா என்று கேட்டார்.

"ஹான்ஜி" என்றார் செல்வின். "யஹீ போலா தா."

ஆமாம், இதையேதான் சொன்னார் என்று. அவ்வளவுதான் அவர் சாட்சியம்.

வெளியே வராந்தாவில், "மாப்பிள்ளை, என்னை மன்னிச்சிடுங்கோ" என்றேன். அவர் நின்றார். கோபமாக ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன், சொன்னால் தேவலை என்றும் இருந்தது. இந்தியில், மரியாதையாக, வெயில் அதிகம், பார்த்துப் போங்கள் என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார். அன்றிலிருந்து அவர் என்னிடம் தமிழ் பேசுவதில்லை. அவர் அம்மாவிடம் பேசுகிறார், வித்யாவிடம் பேசுகிறார். என்னிடம் மட்டும் இந்தி, அதுவும் மரியாதைக்கு ஒரு குறையும் இல்லாத இந்தி.

வித்யாவுக்கு அன்று மாலை போன் செய்தேன். சொல்லி முடிக்கும் வரை கேட்டாள்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்ப்பா" என்றாள். "நீயா சொல்றியான்னுதான் பாத்துண்டிருந்தேன்." பிறகு, "சாப்டியா?" என்று கேட்டாள்.

7

அதற்குப் பின் நடந்தவை பெரிதாக ஒன்றும் இல்லை. ஆலோசகர் பதவி போயிற்று. ஓய்வு பெற்றவனிடமிருந்து வேறு எதைப் பிடுங்க முடியும்? விதி வந்துவிட்டது. குறிப்பில் அந்த வார்த்தையை எடுத்துவிட்டு, தரையிலிருந்து தரப்பட்ட தவறான ஆலோசனையின் பேரில் என்று போட்டார்கள். என் பெயர் இல்லை. இருந்திருக்கலாம்.

செல்வினுக்குத் தகுதியை அப்படியே திருப்பித் தரவில்லை. இடைவெளி விழுந்துவிட்டதால் மருத்துவப் பரிசோதனையிலிருந்து மறுபடி தொடங்கச் சொன்னார்கள். தொடங்கினார். அந்தச் சம்பள வேலையில் வேறொருவர் இருக்கிறார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் போய்க் கற்றுத்தருகிறார், மற்ற நாட்களில் தோல்பை.

அந்த ரேடியோ அறைக்கு நான் போவதில்லை. கேல்கர்தான் ஒரு முறை போனில் சொன்னார், அங்கே இப்போது புது வழக்கம் ஒன்று வந்திருக்கிறதாம். மேலே இருப்பவர் கட்டுப்பாட்டு அறைக்கு எதையாவது சொல்லச் சொன்னால், தரையில் இருப்பவர் சொல்லிவிட்டேன் என்றால் போதாது. போனை மைக்குக்குப் பக்கத்தில் பிடிக்க வேண்டும். கட்டுப்பாட்டு அறைக்காரரின் குரலை விமானி தன் காதால் கேட்க வேண்டும். கேட்ட பிறகுதான் அடுத்த காரியம். செல்வின் ஏற்படுத்தியது என்றார். நல்ல வழக்கம் என்றேன்.

வித்யாவுக்கு ஞாயிறும் வேலை இருக்கிறது. அதனால் இந்த வருஷத்திலிருந்து ஞாயிறு காலையில் ரியாவை என் கட்டடத்து வாசல் வரை கொண்டுவந்து லிப்டில் ஏற்றிவிட்டுப் போகிறாள். மேலே வருவதில்லை. நான் ஐந்தாவது மாடியில் லிப்ட் கதவருகே நின்றுகொண்டிருப்பேன். ஒவ்வொரு மாடியின் விளக்கும் எரிந்து அணைவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கதவு திறந்து ரியா வெளியே வரும்வரை அங்கிருந்து நகர மாட்டேன். "தாத்தாஜி, பூக் லகி" என்று பசியைச் சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுச் சமையலறைக்கு ஓடுவாள்.

கொஞ்ச நேரத்தில் மைதானத்திலிருந்து செல்வினின் போன் வரும். கிளைடரில் மேலே ஏறுவதற்கு முன்னால், ரியா வந்து சேர்ந்தாளா என்று இந்தியில் கேட்பார்.

"ரியா பஹுஞ்சி?"

முதல் ஞாயிறு, "வந்துட்டா மாப்பிள்ளை, தோசை சாப்பிடறா, நீங்க கவலைப்படாமப் பறங்கோ" என்றேன்.

பின்னணியில் மைதானத்துக் காற்று இரைவது கேட்டது.

"உஸ்கோ போன் தீஜியே" என்றார்.

கேட்டபடி போனை அவளிடம் கொடுத்தேன். "ஹாய் பப்பா" என்றாள் வாயில் தோசையோடு. அவ்வளவுதான். வைத்துவிட்டார். மறு ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்த ஞாயிறும். நான் சொல்லும் பதிலை ஒருபோதும் குறுக்கே வெட்டுவதில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, பிறகு போனை அவளிடம் கொடுக்கச் சொல்கிறார்.

இப்போதெல்லாம் நான் பதில் சொல்வதில்லை. மணி அடித்ததும் போனை ரியாவிடம் கொடுத்துவிடுகிறேன்.